சேமித்து வைத்த எஃப்.டி.ஐ.ஆர் தரவைத் திறந்து பார்க்கக் கட்டணமில்லா மென்பொருள் உண்டா?

வாசகர் கேள்வி, 2023 செப்டம்பர் 3

எங்கள் கல்லூரி வேதியியல் துறையில் முன்பு எடுத்த ஃபூரியர் உருமாற்ற அகச்சிவப்பு நிறமாலைகள் குறுவட்டுகளிலும் ஒரு பழைய கணினியின் வன்தட்டிலும் கிடக்கின்றன. கருவி பழுதாகி அகற்றப்பட்டுவிட்டது. அதனோடு வந்த மென்பொருளின் உரிமச் சாவியும் இப்போது இல்லை. கோப்புகளில் சில .எஸ்பிஏ என்று முடிகின்றன. வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்கியவை .0, .1 என்று வெறும் எண்ணில் முடிகின்றன. சிலவற்றுக்கு நீட்டிப்பே இல்லை. காசு கொடுக்காமல் இவற்றைத் திறக்க ஏதாவது மென்பொருள் உண்டா? வரைபடம் கண்ணில் தெரிந்தால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

2023 செப்டம்பர் 3, மாலை

உண்டு, பல உண்டு. ஆனால் மென்பொருளைத் தேடும் முன் கோப்பு எந்த வகை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நான் ஒரு பொதுக் கருவி ஆய்வகத்தில் ஐ.ஆர். (அகச்சிவப்பு) நிறமாலை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எங்களிடம் வரும் பழைய குறுவட்டுகளில், யாரோ பெயர் மாற்றியதால் நீட்டிப்பு போன கோப்புகளும் தவறான நீட்டிப்பு ஒட்டிய கோப்புகளும் சர்வ சாதாரணம். நீட்டிப்பை நம்பி ஒவ்வொரு மென்பொருளாகப் போட்டுப் பார்த்தால் நாள்தான் போகும்.

கோப்பின் முதல் சில பைட்டுகள் அது யாருடையது என்பதைச் சொல்லிவிடும். விண்டோஸில் கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் எச்எக்ஸ்டி என்ற கட்டணமில்லா ஹெக்ஸ் எடிட்டர் போதும். லினக்ஸில் முனையத்திலேயே பார்க்கலாம். நிக்கோலே கருவிகளோடு வரும் ஓம்னிக் மென்பொருள் எழுதும் .எஸ்பிஏ கோப்பு 'ஸ்பெக்ட்ரல் டேட்டா ஃபைல்' என்ற ஆங்கிலச் சொற்களோடு தொடங்கும். புரூக்கர் கருவிகளின் ஓபஸ் மென்பொருள் எழுதும் கோப்பின் தலையில் பதின்ம எண்ணில் 10, 10, 254, 254 என்று நான்கு பைட்டுகள் இருக்கும். பெர்கின் எல்மரின் .எஸ்பி கோப்பு 'பிஇபிஇ' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். ஜேகேம்ப் என்ற பொது வடிவத்தில் உள்ள கோப்பு வெறும் உரைதான். நோட்பேடில் திறந்தால் தலைப்பு வரிகள் எல்லாம் இரண்டு # குறிகளோடு தொடங்குவது தெரியும்.

எண்ணில் முடியும் உங்கள் கோப்புகள் பெரும்பாலும் ஓபஸ் கோப்புகளாக இருக்கும். அதே பெயரில் மறுபடி அளக்கும்போது அந்த மென்பொருள் .0, .1, .2 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். ஆகவே அந்த எண்ணை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்புறைக்கு நகலெடுத்தால், ஒரே மாதிரியின் அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டு மறைந்துபோகும். நீட்டிப்பே இல்லாத கோப்புகள் உங்களிடம் இருப்பதற்கு யாரோ அப்படிச் செய்ததுதான் காரணமோ என்று ஐயப்படுகிறேன். மூலக் குறுவட்டு கையில் இருந்தால் அதைத் தேடி எடுங்கள்.

2023 செப்டம்பர் 3, இரவு

மென்பொருள்களுக்கு வருகிறேன். நான் முதலில் கைவைப்பது குவாசர். ஸ்லோவேனியாவின் லுப்லியானா பல்கலைக்கழகத்தில் உருவான ஆரஞ்சு என்ற தரவு ஆய்வு மென்பொருளின் மேல், நிறமாலை வேலைக்கென்றே கட்டப்பட்டது அது. மூல நிரல் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். .எஸ்பிஏ, ஓபஸ், .எஸ்பிசி ஆகியவற்றை நேரடியாகப் படிக்கும். நிரல் எழுதத் தெரியாதவரும் திரையில் பெட்டிகளைக் கோட்டால் இணைத்து வேலையை முடித்துவிடலாம்.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஸ்பெக்ட்ரோகெம்பை இருக்கிறது. பிரான்ஸின் கான் நகரில் வினையூக்கிகளை நிறமாலை வழியே ஆராயும் ஆய்வகத்தில் எழுதப்பட்டது. ஓம்னிக் கோப்புகளை உள்ளும் புறமும் அறிந்தது. கோப்பில் எங்கே தலைப்பு, எங்கே அளந்த நேரம், எங்கே எண்கள் என்பதை அதன் மூல நிரலின் குறிப்புகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அளந்த நேரம் 1899 டிசம்பர் 31 நள்ளிரவிலிருந்து எண்ணிய நொடிகளாக .எஸ்பிஏ கோப்பில் பதிவாகிறது என்பதை நான் தெரிந்துகொண்டது அங்கேதான். நகலெடுக்கும்போது கோப்பின் தேதி மாறிப்போனாலும் இந்த உள் நேரம் மாறாது. எந்த மாதிரி எந்த ஆண்டு எடுத்தது என்று தெரியாமல் தவிக்கும் துறைகளுக்கு இந்த ஒரு தகவலே பெரிய உதவி.

விண்டோஸில் கோப்பை இழுத்துப் போட்டவுடன் வரைபடம் வேண்டும் என்றால் ஸ்பெக்ட்ராகிரிஃப் வசதியானது. பழைய ஸ்பெக்வின்32-ஐ எழுதியவரின் அடுத்த படைப்பு. அது படிக்கும் கோப்பு வகைகளின் பட்டியல் மிக நீளமானது. ஆனால் அது திறந்த நிரல் அன்று. யார் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்து உரிம நிபந்தனை மாறுவதால், கல்லூரிக் கணினியில் நிறுவும் முன் உரிமப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

ஜேகேம்ப் கோப்புகளுக்கு மட்டும் என்றால் ஜேஸ்பெக்வியூ போதும். ஜமைக்காவில் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்து வேதியியல் துறையில் பிறந்து, பின்னர் ஜேமால் என்ற மூலக்கூறு காட்டும் மென்பொருளோடு இணைந்தது.

2023 செப்டம்பர் 5

எதையும் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. குறுவட்டுகளை முழுப் பிம்பமாக நகலெடுங்கள். கீறல் விழுந்த வட்டில் சாதாரண நகலெடுப்பு பாதியிலேயே நின்றுவிடும். லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பிடிவாதமான பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். நகலை எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, அதன் இன்னொரு நகலில் வேலை செய்யுங்கள். சில மென்பொருள்கள் திறந்து மூடும்போதே கோப்பைத் திருத்திச் சேமிக்கக் கேட்கும். பழக்கத்தில் 'ஆம்' என்று அழுத்திவிடுவது எளிது.

2023 செப்டம்பர் 6

"வரைபடம் தெரிந்தால் போதும்" என்ற வரி என் மனத்தை விட்டுப் போகவில்லை. அதை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

கருவி நேரடியாக அளப்பது நிறமாலையை அன்று. மைக்கெல்சன் குறுக்கீட்டுமானியில் ஒரு கண்ணாடி நகர, உணரியில் விழும் ஒளியின் வலிமை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் பதிவுதான் இன்டர்ஃபெரோகிராம். ஹீலியம் நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் அலையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, சம இடைவெளிகளில் அது எண்களாக்கப்படுகிறது. அதன் பிறகு கணினி சில முடிவுகளை எடுக்கிறது: பதிவின் ஓரங்களை எந்தக் கணிதச் சார்பால் தணிப்பது, அலையின் கட்டத்தை (ஃபேஸ்) எப்படித் திருத்துவது, எத்தனை பூச்சியங்களைச் சேர்த்து நீட்டுவது. இவை முடிந்து ஃபூரியர் உருமாற்றம் செய்தால் ஒற்றைக் கற்றை நிறமாலை கிடைக்கும். மாதிரியின் ஒற்றைக் கற்றையைப் பின்னணியின் ஒற்றைக் கற்றையால் வகுத்தால்தான் நாம் அச்சிட்டுச் சுவரில் ஒட்டும் ஊடுருவல் நிறமாலை வரும்.

இந்த முடிவுகள் எல்லாம் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன, வரைபடத்தில் தெரிவதில்லை. ஓபஸ் கோப்பில் ஒவ்வொரு அளவுருவுக்கும் மூன்றெழுத்துப் பெயர் உண்டு: ஏபிஎஃப் என்றால் ஓரம் தணிக்கும் சார்பு, இசட்எஃப்எஃப் என்றால் பூச்சியம் சேர்க்கும் மடங்கு, பிஎச்இசட் என்றால் கட்டத் திருத்த முறை, என்எஸ்எஸ் என்றால் எத்தனை முறை அலகிட்டுச் சராசரி எடுத்தார்கள் என்பது. ஓம்னிக் கோப்பிலும் இதே வேலையைச் செய்யும் வரலாற்றுப் பகுதி இருக்கிறது.

இது ஏட்டுப் பேச்சு அன்று. ஒரே பாலிமரின் இரண்டு தொகுப்புகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு மாணவர் எங்களிடம் வந்தார். ஒன்று அவருடைய துறையில் எடுத்தது, மற்றது வேறொரு ஆய்வகத்தில் எடுத்தது. கூர்மையான பீக்குகளின் உயரம் இரண்டிலும் வேறுபட்டதைக் கொண்டு, பொருளின் படிகத்தன்மை மாறியிருக்கிறது என்று ஓர் அத்தியாயமே எழுதி வைத்திருந்தார். இரண்டு கோப்புகளின் அளவுருக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்று எந்தத் தணிப்பும் இல்லாமலும், மற்றது பிளாக்மன் ஹாரிஸ் சார்பாலும் உருமாற்றப்பட்டிருந்தது. தணிப்பு இல்லாவிட்டால் பீக் கூர்மையாக நிற்கும், ஆனால் இருபுறமும் பொய்யான அலைகள் எழும். மிகக் குறுகிய பீக்கில் முதல் எதிர்மறைப் பக்க அலை உச்சியின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும். பிளாக்மன் ஹாரிஸ் அந்த அலைகளை அடக்கிவிட்டுப் பீக்கை அகலமாக்கும். இரண்டின் உயரங்களை ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. படத்தை மட்டும் சேமித்திருந்தால் இது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

2023 செப்டம்பர் 10

ஒரு வாசகர் கேட்கிறார்: "ஃபூரியர் உருமாற்றம் இருவழிப் பாதைதானே? நிறமாலை இருந்தால் பின்னோக்கிப் போய் இன்டர்ஃபெரோகிராமை எடுத்துக்கொள்ளலாமே. பிறகு வேண்டிய சார்பைப் போட்டு மறுபடி உருமாற்றலாமே?"

கணிதமாக எடுத்துக்கொண்டால் அவர் சொல்வது சரி. நம் கோப்புகளுக்கு அது பொருந்தாது. முதல் காரணம், சேமித்த நிறமாலை வழக்கமாக 4000 முதல் 400 செ.மீ⁻¹ (அலை எண்ணின் அலகு) வரை வெட்டப்பட்டிருக்கும். வெட்டி எறிந்த பகுதி திரும்ப வராது. இரண்டாவது, கட்டத் திருத்தத்தின்போது கலப்பெண்ணின் ஒரு பாதி விடப்பட்டுவிட்டது. மூன்றாவதுதான் பெரியது: உட்கவர்தல் நிறமாலை என்பது இரண்டு ஒற்றைக் கற்றைகளின் விகிதத்துக்கு எடுத்த மடக்கை. விகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வகுக்கப்பட்ட எண்ணையும் வகுத்த எண்ணையும் தனித்தனியே சொல்ல யாராலும் முடியாது.

ஒரு திசையில் மட்டும் வழி உண்டு. லேசாகத் தணிக்கப்பட்ட நிறமாலையை இன்னும் தணித்து மற்றதன் நிலைக்கு ஏறக்குறையக் கொண்டுவரலாம். ஒப்பீட்டுக்கு அது பயன்படும். அதிகம் தணிக்கப்பட்டதைக் கூர்மையாக்க முயன்றால் இரைச்சல்தான் பெருகும்.

2023 செப்டம்பர் 10, சற்றுப் பின்

மேலே எழுதியதற்குத் துணையாக ஒன்று. பின்னோக்கிப் போக வேண்டிய தேவையே சில கோப்புகளில் இருக்காது. ஓபஸ் கோப்பு ஒரு பை போல; முடிவு நிறமாலை, மாதிரியின் ஒற்றைக் கற்றை, பின்னணியின் ஒற்றைக் கற்றை, இரண்டின் இன்டர்ஃபெரோகிராம்கள் என்று எதை வேண்டுமானாலும் அளந்தவர் உள்ளே போட்டு வைத்திருக்கலாம். என்னென்ன இருக்கின்றன என்பது அன்று அளந்தவர் சேமிப்புப் பட்டியலில் எதை எதைத் தேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. .எஸ்பிஏ கோப்புகளிலும் சிலவற்றில் இன்டர்ஃபெரோகிராம் உண்டு. அதைத் தனியே எடுக்கும் வசதி ஸ்பெக்ட்ரோகெம்பையில் இருக்கிறது. வரைபடம் மட்டும் காட்டும் மென்பொருள் முடிவு நிறமாலையைக் காட்டிவிட்டு மற்றவற்றைப் பற்றி வாய் திறக்காது. ஆகவே கோப்பின் அளவைக் கவனியுங்கள். 4 செ.மீ⁻¹ பிரிதிறனில் எடுத்த ஒரு நிறமாலைக்கு இரண்டாயிரத்துக்குக் குறைவான புள்ளிகளே. புள்ளிக்கு நான்கு பைட் வீதம் எட்டு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதைவிடப் பல மடங்கு பெரிய கோப்பு என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

2023 செப்டம்பர் 16

.எஸ்பிசி கோப்புகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கலாக்டிக் என்ற நிறுவனத்தின் கிராம்ஸ் மென்பொருளுக்காக உருவான வகை அது. அமைப்பை வெளிப்படையாக அறிவித்ததால் பல கருவிகளும் அதை எழுதக் கற்றுக்கொண்டன. இரண்டாவது பைட்டைப் பாருங்கள். 75 என்றால் புதிய அமைப்பு. 77 என்றால் பழையது. சில மென்பொருள்கள் புதியதை மட்டும் படித்து, பழையதைக் கண்டால் 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று சொல்லிவிடும். அந்தச் செய்தியை நம்பிக் கோப்பை அழித்துவிடாதீர்கள். சேதம் எதுவும் இருக்காது.

இந்த வகையில் எண்கள் இரண்டு விதமாக இருக்கலாம்: நேரடித் தசம எண்களாக, அல்லது ஒரு பொது அடுக்கோடு சேர்ந்த முழு எண்களாக. அடுக்கைக் கவனிக்காத நிரல் வரையும் வரைபடத்தில் வடிவம் சரியாக இருக்கும், உயரம் மட்டும் கோடிக்கணக்கில் நிற்கும். ஆர் மொழி தெரிந்தவர்களுக்கு ஹைப்பர்ஸ்பெக் என்ற தொகுப்பு இதைச் சரியாகப் படிக்கிறது.

2023 செப்டம்பர் 24

திறந்து பார்த்தாயிற்று, அடுத்து எதில் சேமிப்பது? நான் ஜேகேம்ப் டிஎக்ஸ் என்பேன். 1988-இல் மெக்டொனால்டும் வில்க்ஸும் அகச்சிவப்பு நிறமாலைகளுக்கென்று வெளியிட்ட உரை வடிவம் அது. பின்னர் அதன் பராமரிப்பு ஐயூபாக் என்ற சர்வதேச வேதியியல் அமைப்பின் கைக்கு வந்தது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் தன் வெப்புக் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஐ.ஆர். நிறமாலைகளை இன்றும் இந்த வடிவத்தில்தான் இறக்கிக்கொள்ளத் தருகிறது. எந்த மென்பொருளும் இல்லாத நாளில்கூட நோட்பேடில் திறந்து, அலகு என்ன, முதல் அலை எண் என்ன, எத்தனை புள்ளிகள் என்பதைக் கண்ணால் படித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஜேகேம்பில் இடத்தை மிச்சப்படுத்தும் சுருக்க முறைகள் உண்டு. அவற்றில் எண்ணின் முதல் இலக்கத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து வரும். ஒரு முறையில் முழு மதிப்பும், இன்னொன்றில் முந்தைய புள்ளியிலிருந்து உள்ள வேறுபாடும் எழுதப்படும். அப்படிப்பட்ட கோப்பை விரிதாளில் இழுத்துப் போட்டால் எழுத்தும் எண்ணும் கலந்த குப்பையாகத் தெரியும். குப்பை அன்று, அதற்கென எழுதிய படிப்பான் வேண்டும், அவ்வளவே. ஆரில் ரீட்ஜேடிஎக்ஸ், ஜாவாவில் ஜேஸ்பெக்வியூ இரண்டும் இதைச் செய்யும். நீங்களே எழுதும்போது சுருக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். 1988-இல் நெகிழ்வட்டில் இடம் முக்கியமாக இருந்தது. இன்று படிக்க எளிதாக இருப்பதுதான் முக்கியம்.

எண்களுக்கு ஒரு பெருக்குக் காரணியும் தலைப்பில் தரப்பட்டிருக்கும். அதைப் பெருக்காமல் வரைந்தால் ஊடுருவல் ஆயிரக்கணக்கில் போகும். சில கோப்புகள் ஊடுருவலை 0 முதல் 1 வரையும், சில 0 முதல் 100 வரையும் வைத்திருக்கும். உட்கவர்தலுக்கு மாற்றும் சூத்திரம் பிந்தையதற்கு 2-இலிருந்து சதவீதத்தின் மடக்கையைக் கழிப்பது: 10 சதவீதம் என்றால் உட்கவர்தல் 1. பின்ன வடிவத்துக்கு இதே சூத்திரத்தைப் போட்டால் எல்லாப் பீக்கும் இரண்டு அலகு மேலே மிதக்கும்.

2023 அக்டோபர் 1

மாற்றிய கோப்பு சரியா என்று எப்படி அறிவது? பழைய வட்டில் பாலிஸ்டைரீன் படலத்தின் நிறமாலை கட்டாயம் ஒன்றாவது இருக்கும். கருவியைச் சரிபார்க்க எல்லோரும் எடுப்பது அது. முதலில் அதை மாற்றிப் பாருங்கள். 1601.2 செ.மீ⁻¹-இல் உள்ள பீக் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 3060, 2849.5, 1028.3 ஆகியவற்றையும் பாருங்கள். ஒரு முனை சரியாகவும் மறுமுனை விலகியும் இருந்தால் முதல் அல்லது கடைசி அலை எண்ணைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள்.

இங்கே பலர் பதறும் ஓர் இடம் இருக்கிறது. நிக்கோலே கருவிகளில் 4 செ.மீ⁻¹ பிரிதிறனில் எடுத்த தரவை உரையாக மாற்றினால், அடுத்தடுத்த அலை எண்களுக்கு இடையே 1.9285 என்ற விசித்திரமான இடைவெளி வரும். அது லேசரின் அலை எண்ணான 15798-ஐ 8192-ஆல் வகுத்து வருவது. 8192 என்பது உருமாற்றத்துக்குள் போன புள்ளிகளின் எண்ணிக்கை. இந்த இடைவெளியில் அமைந்த வரிசையில் 1601.2-க்கு அருகில் உள்ள புள்ளிகள் 1600.63-உம் 1602.56-உம்தான். ஆகவே உரைக் கோப்பில் மிக உயர்ந்த மதிப்பு 1600.63-க்கு எதிரே இருப்பதைப் பார்த்து, கருவி தவறு, மாற்றிய மென்பொருள் தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். உச்சிப் புள்ளியையும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளையும் ஒரு பரவளையத்தில் பொருத்தினால் உண்மையான உச்சி 1601-ஐ ஒட்டி வந்து நிற்கும். இந்த 1.9285-ஐ முதன்முறை கணக்குப் போட்டுக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது: வெறும் எண் பட்டியலுக்குள் கருவியின் லேசரே ஒளிந்திருக்கிறது.

2023 அக்டோபர் 2

உரிமப் பூட்டை உடைத்த மென்பொருளின் இணைப்பை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். வேண்டாம். சட்டம் ஒருபுறம், ஈடு செய்ய முடியாத தரவு இருக்கும் கணினியில் யார் எழுதியது என்று தெரியாத நிரலை ஓடவிடுவது மறுபுறம். மேலே சொன்னவை அனைத்தும் நேர்வழியில் கிடைப்பவை.

2023 அக்டோபர் 15

குவாசரைப் பற்றி முன்பு எழுதியதை மறுபடி படித்தேன். பரிந்துரையில் மாற்றம் இல்லை, ஆனால் பல கோப்புகளை ஒன்றாக ஏற்றுபவர்கள் அறிய வேண்டியது ஒன்று விடுபட்டிருக்கிறது. வெவ்வேறு கருவிகளில் எடுத்த கோப்புகளின் அலை எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, ஒன்றில் 1600.63, இன்னொன்றில் 1600.00. குவாசர் இவற்றை ஒரே அட்டவணையில் சேர்க்கும்போது ஒவ்வொரு அலை எண்ணையும் தனி நெடுவரிசையாக வைத்துக்கொண்டு, இல்லாத இடங்களைக் காலியாக விடும். திரையில் கோடு தொடர்ச்சியாகத் தெரிந்தாலும் அடுத்து ஓட்டும் கணக்குகள் அந்தக் காலியிடங்களில் இடறும். இடைமதிப்புக் காணும் பெட்டியை நடுவில் வைத்து எல்லாவற்றையும் ஒரே அலை எண் வரிசைக்குக் கொண்டுவந்த பிறகு மேலே போங்கள். அப்படிச் செய்ததை ஆய்வேட்டில் எழுதுங்கள். மூலக் கோப்பை இடைமதிப்புக் கண்ட தரவால் மாற்றி வைக்காதீர்கள்.

2023 நவம்பர் 5

"எங்களிடம் கோப்பே இல்லை, காகிதம்தான் இருக்கிறது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். வெப்பிளாட்டிஜிட்டைசர் என்ற நிரலில் வருடிய படத்தைப் போட்டு, கோட்டின் மேல் புள்ளிகளை எடுக்கலாம். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: பழைய ஐ.ஆர். தாள்கள் பலவற்றில் 2000 செ.மீ⁻¹-க்கு மேல் அளவுகோல் பாதியாக நெருக்கப்பட்டிருக்கும். 4000-ஐயும் 400-ஐயும் மட்டும் குறித்துவிட்டு எடுத்தால் நடுவில் உள்ள கார்பனைல் பீக் நூற்றுக்கணக்கான அலகுகள் நகர்ந்துவிடும். 4000 முதல் 2000 வரை ஒரு துண்டாகவும், 2000 முதல் 400 வரை மற்றொரு துண்டாகவும் தனித்தனியே குறித்து எடுத்துப் பிறகு சேர்க்க வேண்டும். இப்படி எடுத்ததில் பீக்கின் இடம் ஓரளவு நம்பத்தக்கது. அகலத்தை வைத்து வாதிட வேண்டாம், ஏனென்றால் பேனாக் கோட்டின் தடிமனும் அதில் சேர்ந்திருக்கிறது.

2023 நவம்பர் 12

என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கோப்புகளுக்கும் இதே வழியா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: கொள்கை அதுவே, கருவிகள் வேறு. புரூக்கர் என்.எம்.ஆர். கோப்புறையில் மூல அலைவு தனிக் கோப்பாகவும், உருமாற்றிய நிறமாலையின் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் உள்கோப்புறையில் வேறு கோப்புகளாகவும் இருக்கும். பைத்தானில் என்எம்ஆர்குளூ இரண்டையும் படிக்கும். உலாவியிலேயே பார்க்க என்எம்ஆரியம் உண்டு. அங்கே மூல அலைவு பெரும்பாலும் கூடவே இருப்பதால், ஐ.ஆர். காரர்களை விட அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

2023 டிசம்பர் 10

கருவி வாங்கப் போகும் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கோப்புகளை மாற்றித் தரும்படி ஒரு விற்பனை முகவரிடம் நாங்கள் கேட்டபோது, புதிய பதிப்பை வாங்குங்கள் என்பதே பதிலாக வந்தது. அதன் விலையில் எங்கள் ஓராண்டு வேதிப்பொருள் செலவே அடங்கிவிடும். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் நாங்கள் முன்கூட்டியே எதுவும் எழுதாததால் வாதாட இடமில்லாமல் போயிற்று. இன்டர்ஃபெரோகிராம் உட்பட அனைத்தையும் ஜேகேம்ப் அல்லது உரை வடிவில் தொகுப்பாக வெளியேற்றும் வசதி வேண்டும், உரிமம் காலாவதியான பிறகும் அந்த வசதி இயங்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளைத் தொழில்நுட்பக் குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். கருவி வந்து இறங்கிய பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

2024 ஜனவரி 21

முதலில் கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். நீட்டிப்பு இல்லாத கோப்புகள் அனைத்தின் தலையிலும் 10, 10, 254, 254 இருந்ததாம், ஓபஸ்தான். மூலக் குறுவட்டும் கிடைத்துவிட்டது, இழந்ததாக நினைத்த மறு அளவீடுகள் .1, .2 என்று அதில் பத்திரமாக இருக்கின்றன. மனநிறைவான செய்தி.

அவருடைய இப்போதைய சிக்கல்: சில கோப்புகளில் மாதிரியின் ஒற்றைக் கற்றை மட்டும் இருக்கிறது, பின்னணி இல்லை. குவாசரில் திறந்தால் நடுவில் புடைத்த மலை போன்ற கோடு வருகிறது, 2350 செ.மீ⁻¹ அருகே கார்பன் டை ஆக்சைடின் இரட்டைப் பள்ளமும், 1600-ஐச் சுற்றி நீராவியின் ஊசிகளும் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா என்று கேட்கிறார். கெடவில்லை, வகுக்காத ஒற்றைக் கற்றை அப்படித்தான் இருக்கும்.

அதே நாளில் எடுத்த வேறு கோப்பு எதிலாவது பின்னணி ஒற்றைக் கற்றை இருக்கிறதா என்று உள் தேதியையும் நேரத்தையும் வைத்துத் தேடுங்கள். கிடைத்தால் பிரிதிறன், தணிப்புச் சார்பு, பூச்சியம் சேர்க்கும் மடங்கு மூன்றும் ஒன்றா என்று ஒப்பிட்டுவிட்டு வகுத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒன்று மாறினாலும் நீராவி ஊசிகள் முழுதாகக் கழியாமல் எச்சம் விடும், அது அமைடு பீக்குகள் வரும் அதே இடத்தில் போய் நிற்கும். வேறு நாளின் பின்னணிதான் கிடைக்கிறது என்றால் 2500 முதல் 3000 வரை உள்ள பகுதியைப் பயன்படுத்தலாம். 2400 முதல் 2300 வரையும், 1900 முதல் 1300 வரையும் உள்ள பகுதிகளை ஆய்வுக்கு எடுக்க வேண்டாம். எந்த நாளின் பின்னணியால் வகுத்தீர்கள் என்பதை ஜேகேம்ப் தலைப்பின் குறிப்பு வரியில் எழுதுங்கள், வகுக்காத ஒற்றைக் கற்றையையும் தனிக் கோப்பாக அதன் பக்கத்திலேயே வையுங்கள்.